சூப்பர்வைசர்களுக்கு ஒரு பயிற்சி: பணம் தேடி அலைந்த பத்து மாதம்

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த இரண்டாவது வாரம், அயர்னிங்கில் வேலை பார்த்த ஒரு பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். காங்கேயம் பக்கத்துப் பையன், 23 வயது, பிறவியிலேயே காது கேட்காது. கை அவ்வளவு சுத்தம். அவன் காலரைத் தேய்த்து அனுப்பினால் பேக்கிங்கிலிருந்து ஒரு பீஸ் திரும்பி வராது. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஹெச்.ஆர். ஆள் ஏன் நின்றார் என்று விசாரிப்பது என் வேலை, அதனால் விசாரித்தேன். லைன் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் ரிஜெக்ட் பீஸைச் சுருட்டிப் பின்னாலிருந்து முதுகில் எறிவாராம். ஆறு மாதமாக இதுதான் வழக்கம். "காது கேக்காதவன வேற எப்படிங் மேடம் கூப்புடறது?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கம்பெனியில் 340 பேர். அதில் மாற்றுத்திறனாளிகள் ஒன்பது பேர், ஆறு பேர் காது கேளாதவர்கள். வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் பெருமையாகத்தான் எடுத்தோம். ஆனால் அவர்களிடம் நாளெல்லாம் வேலை வாங்குகிற சூப்பர்வைசர்கள், வாட்ச்மேன், கேன்டீன் ஆட்கள், ஆபீஸில் இருக்கும் நாங்கள் என்று யாருக்கும் ஒரு மணி நேரம்கூட யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. மாற்றுத்திறனாளிகளோடு எப்படிப் பழகுவது என்று இவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கலாம் என்று முதலாளியிடம் போய்க் கேட்டேன். அறுபது தாண்டியவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல காரியந்தான் அம்மிணி. இதுக்கெல்லாம் வெளிய நிதி இருக்கும், பாருங்க. நம்ம கணக்குல வேண்டாம்." அவர் மறுக்கவில்லை என்ற சந்தோஷத்தில் நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்குப் பத்து மாதம் விலை கொடுத்தேன். இதே மாதிரி ஒரு வேலையை இப்போது யாராவது கையில் எடுத்திருந்தால், நான் போன வழியில் போகாமல் இருக்கட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் போனது பல்லடம் ரோட்டில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ். அங்கேதான் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். நான் போனது திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள், மனுவோடு நிற்கிற கூட்டத்தில் என் மாதிரி ஆளுக்கு யார் நேரம் ஒதுக்க முடியும்? அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் போவதாக இருந்தால் செவ்வாய், புதன் பாருங்கள். அடுத்த தடவை போனபோது அங்கிருந்தவர்கள் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார்கள். அன்றைக்குப் புரிந்த விஷயம் இது. அரசுப் பணம் மாற்றுத்திறனாளிக்குத்தான் போகும். உதவித்தொகை, உபகரணம், தொழில் தொடங்கக் கடன், திறன் பயிற்சி எல்லாமே அந்த நபருக்கு. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய செயல்திட்டத்திலும் பயிற்சிப் பணம் இருக்கிறது, ஆனால் அது மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத்தான். "உங்க சூப்பர்வைசருக்குக் கிளாஸ் எடுக்க இங்க ஹெட் (செலவுத் தலைப்பு) இல்லீங்கம்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பதில் அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தாலும் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேருக்கு யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டை இல்லாவிட்டால் பல சலுகைகள் கிடைக்காது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. எங்கள் பேட்டர்ன் செக்ஷனில் ஒருவர் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் அவரை இ.எஸ்.ஐ.யிலிருந்து எடுத்துவிட்டிருந்தோம். எடுத்ததே தப்பு. பயிற்சிக்குப் பணம் தேடப் போன இடத்தில் எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. நீங்களும் எங்கும் போவதற்கு முன்னால் உங்கள் ரிஜிஸ்டரை எடுத்து, யார் யாருக்கு அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்துவிடுங்கள். ஒரு பைசா செலவில்லாத வேலை, பிற்பாடு முதலாளியிடம் பேசும்போதும் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

அடுத்து நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஆள் அறிமுகமானார். டெல்லியில் ஸ்கீம் இருக்கிறது, நல்ல பிராஜெக்ட் ரிப்போர்ட் போட்டால் 5 லட்சம் வரை வாங்கித் தரலாம், ரிப்போர்ட்டுக்கு மட்டும் 25,000 ரூபாய் என்றார். கம்பெனியில் கேட்க முடியாது, நிதி வெளியிலிருந்து வர வேண்டும் என்பதுதானே பேச்சு. பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுவதற்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து கொடுத்தேன், வீட்டில் சொல்லவில்லை. பணம் வந்ததும் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது, ஸ்பைரல் பைண்டிங் போட்டு 46 பக்கம். பதினோராவது பக்கத்தில் எங்கள் கம்பெனி சேலம் மாவட்டத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது. வேறு யாருக்கோ செய்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அனுப்பினேன் என்றார், நம்பர் கேட்டேன், அதோடு போன் எடுப்பதில்லை. ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தபோது பீஸுக்குப் பணம் இல்லை. அப்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்படி யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்கீமின் முழுப்பெயர் என்ன? அதன் விதிமுறை எங்கே? விண்ணப்பிக்கத் தகுதி யாருக்கு? அரசுத் திட்டம் என்றால் வழிகாட்டு விதிமுறை இலவசமாகவே கிடைக்கும். அதில் தகுதி உள்ளவர்கள் என்ற பத்தியை முதலில் படியுங்கள். லாபத்துக்கு நடக்கிற தனியார் கம்பெனி என்று அந்தப் பத்தியில் இல்லையென்றால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். நான் அந்த ஒரு பத்தியைப் படித்திருந்தால் 25,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் சி.எஸ்.ஆர்., அதாவது பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிப் பக்கம் திரும்பினேன். இதில்தான் அதிக மாதம் போனது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். எங்கள் கம்பெனி இதில் எதையும் தொடாது. ஆனால் கோயமுத்தூரில் மில், பம்பு, இன்ஜினியரிங் என்று பெரிய கம்பெனிகளுக்குப் பஞ்சமா? பதினொரு கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒரு கம்பெனியில் நேரில் வரச் சொன்னார்கள். அவிநாசி ரோட்டில் பஸ் இறங்கி, வெயிலில் நடந்து, நல்ல சேலை வியர்வையில் நனைந்துபோய் அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அங்கிருந்த அதிகாரி என் வயசுப் பெண்தான். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, பணத்தை நேரடியாக உங்கள் கம்பெனிக்குத் தர முடியாது, பதிவு பெற்ற டிரஸ்ட் அல்லது சங்கம் வழியாகத்தான் வர வேண்டும் என்றார். அந்த டிரஸ்டுக்கு வருமான வரியில் 12ஏ, 80ஜி என்ற வரிச்சலுகைப் பதிவுகள் இருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். சரி என்று டிரஸ்ட் தேடினேன். ஈரோடு பக்கம் ஒரு டிரஸ்ட் ஒத்துக்கொண்டது. நல்ல மனசுக்காரர்கள். அவர்களோடு உட்கார்ந்து திட்டம் எழுதி, பட்ஜெட் போட்டு, திருத்தி, மறுபடி எழுதி மூன்று மாதம் போனது. எல்லாம் தயாரான பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் அந்த டிரஸ்டுக்கு இருக்க வேண்டும். இவர்கள் தொடங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. முதல் நாளே பதிவுப் பத்திரத்தில் தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் பார்க்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேறு டிரஸ்ட் பிடித்துக்கொண்டு ஆகஸ்டில் மறுபடி கோயமுத்தூர் போனேன். இந்தத் தடவை அந்தப் பெண் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். வருஷத்துக்கு என்னென்ன செய்வது என்று போர்டில் திட்டம் ஒப்புதல் ஆகிவிட்டால் பணம் அதற்கே ஒதுங்கிவிடும், நடுவில் வந்து கேட்டால் இடம் இருக்காது என்றார். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைத்திறன் பயிற்சி என்று இருக்கிறது. வேலை தேடுகிற மாற்றுத்திறனாளிகளுக்கு நான் தையல் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தலைப்பில் வரும். லாபத்துக்கு நடக்கிற ஒரு கம்பெனியின் சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு எடுத்தால் பலன் அந்தக் கம்பெனிக்குத்தானே போகிறது? "நாங்களே எங்க ஆளுகளுக்கு இந்தப் பயிற்சி குடுத்தாலும் அத சி.எஸ்.ஆர்.-ல காட்ட முடியாதுங்க மேடம். சொந்தத் தொழிலாளிக்குப் பலன் தர்ற செலவு அதுல சேராது. நாங்க எங்க ஹெச்.ஆர். பட்ஜெட்லதான் பண்றோம்" என்றார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா? திரும்பி வருகிற பஸ்ஸில் கருமத்தம்பட்டி தாண்டும்வரை அழுதேன்.

இதற்கு நடுவே இன்னொன்று நடந்தது. செப்டம்பரில், எங்கள் பனியனை வாங்குகிற ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் (பையர்) ஆடிட். மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கை எங்கே, பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி கொடுத்த ரெக்கார்டு எங்கே என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஆறு வாரம் டைம். முதலில் நம்ம கணக்கில் வேண்டாம் என்ற முதலாளி, "யாரையாவது புடிச்சு சீக்கிரம் முடிச்சுருங்க" என்றார். அவசரத்தில் பிடித்தது ஒரு பயிற்சி நிறுவனம். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, மன அழுத்தம் எல்லாம் எடுப்பவர்கள், இதையும் எடுப்போம் என்றார்கள். 42,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 7,560, மொத்தம் 49,560.

அந்த நாளை நான் மறக்கவே முடியாது. முதல் மாடி ஹாலில் அறுபது பேர். எங்கள் போலியோ பாதித்த ஸ்டோர் கீப்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். காது கேளாத ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், சைகை மொழிபெயர்ப்பாளர் கிடையாது. பயிற்சியாளர் மைக்கில் பேசிக்கொண்டே போனார். பிறகு கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து வரச் சொல்லி, பத்துப் பேருக்குக் கண்ணைக் கட்டி நடக்கவிட்டார். ஒருவர் நாற்காலியில் முட்டினார், ஒருவர் இன்னொருவர் மேல் விழுந்தார், ஹாலே சிரித்தது. "பாத்தீங்களா, எவ்வளவு கஷ்டம், கடவுள் நமக்கு எவ்வளவு குடுத்திருக்கார்" என்று முடித்தார். கைதட்டினார்கள். நான் முன்வரிசையைப் பார்த்தேன். செக்கிங்கில் நான்கு வருஷமாக இருக்கும் பெண் ஒருத்தி, என்ன நடக்கிறது என்று புரியாமல், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். பிறகு முகத்தை இறக்கிக்கொண்டு, துப்பட்டா ஓரத்தில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் லைனில் இரண்டு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்டோர் கீப்பர் மாதிரி நொண்டிக் காட்டி விளையாடியதாகக் கேள்விப்பட்டேன். பயிற்சி வைக்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. ஆடிட் பைலில் போட்டோவும் கையெழுத்தும் சரியாக இருந்தன, அதுதான் கொடுமை.

ஆகவே பயிற்சியாளரிடம் பேசும்போதே கேளுங்கள்: எடுப்பவர்களில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா? கண்ணைக் கட்டுவது, காதில் பஞ்சு வைப்பது மாதிரி விளையாட்டு உண்டா? உண்டு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிஷம் கண்ணைக் கட்டினால் பயம்தான் தெரியும், இருபது வருஷமாகப் பார்வையில்லாமல் வாழ்கிறவரின் பழக்கமும் திறமையும் தெரியாது. பரிதாபத்தைக் கற்றுக்கொண்ட சூப்பர்வைசர், அடுத்த தடவை டார்கெட்டுள்ள வேலையை அந்த ஆளுக்குத் தரவே யோசிப்பார்.

தீபாவளிக்கு முந்தைய ஷிப்மென்ட் நெருக்கடியில் எதுவும் பேச முடியவில்லை. தீபாவளி முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வாரம், கணக்கு விஷயமாக ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு பைல் கொடுக்கப் போனேன். பேச்சுவாக்கில் என் அலைச்சலைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதுக்கு எதுக்கு சி.எஸ்.ஆர்.? அதுல செலவு பண்ணுனா வருமான வரியில தொழில் செலவாக் கழிக்கவே முடியாது. நம்ம ஆளுகளுக்குப் பயிற்சி குடுத்தா அது நேராத் தொழில் செலவு, கழிச்சுக்கலாம். ஜி.எஸ்.டி. கட்டுனாலும் உள்ளீட்டு வரியா எடுத்து, நாம கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில கழிச்சுக்கலாம்" என்றார். பத்து மாதமாக ஊரெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் கம்பெனிக் கணக்குப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. வெளியே ஒரு அடி வைப்பதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். நான் செய்த தவறுகளிலேயே பெரியது அதைச் செய்யாததுதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதுவரை நான் பயிற்சிச் செலவு என்றால் பயிற்சியாளர் கட்டணம் என்றுதான் நினைத்திருந்தேன். பனியன் கம்பெனியில் நிஜமான செலவு லைன் நிற்கும் நேரம். பீஸ் ரேட்டில் இருப்பவர் இரண்டு மணி நேரம் பயிற்சியில் உட்கார்ந்தால் அவர் கூலி போகும், அந்தக் கோபத்தோடு உட்கார்ந்தால் எதுவும் காதில் ஏறாது. அதனால் கூலியை முதல் வரியில் போட்டேன். 120 பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம், மணிக்குச் சராசரி 65 ரூபாய், 15,600. பயிற்சியாளர்கள் இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்குச் சேர்த்து 18,000. சைகை மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேர், நாளுக்குத் தலா 4,000 வீதம் 16,000. ஒருவரே இரண்டு மணி நேரம் கை அசைத்து மொழிபெயர்க்க முடியாது, இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிக்கொள்வார்கள், அதனால் இரண்டு பேர் கட்டாயம். கோயமுத்தூரிலிருந்து கார் 5,600. சாய்தளம் 7,200. டீ, சாப்பாடு 4,300. படம் போட்ட அட்டைகள் அச்சடிக்க 1,900. மொத்தம் 68,600 ரூபாய். ரிப்போர்ட் போட்ட ஆளிடம் நான் விட்டதும் செப்டம்பர் கூத்துக்குக் கம்பெனி கொடுத்ததும் சேர்த்தால் 74,560.

அந்த ஒரு தாளோடு முதலாளி அறைக்குப் போனேன். இன்னொரு தாளில் சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சம வாய்ப்புக் கொள்கை கேட்கிறது. 2017 விதிகளின்படி 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் கம்பெனி, அந்தக் கொள்கையில் எந்தெந்த வேலை பொருத்தம், வேலைக்குச் சேர்ந்தபின் என்ன பயிற்சி, தடையில்லாத வசதி என்ன, பொறுப்பு அலுவலர் யார் என்றெல்லாம் எழுதி, மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிய வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, திரும்ப மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை அபராதம். அவரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, கம்பெனி செய்தே ஆக வேண்டிய ஒன்றுக்குத்தான் கேட்கிறேன், தர்மம் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். ஆடிட்டர் சொன்னதையும் சொன்னேன். அயர்னிங் பையன் போனபிறகு அந்த டேபிளில் மூன்று பேர் மாறிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். தாளை இரண்டு தடவை பார்த்தார். "இவ்வளவுதானா அம்மிணி? இத முதல்லயே கணக்காக் கொண்டாந்திருக்கலாமே" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அவர் சொன்னதும் சரிதான். முதல் தடவை கேட்டபோது என் கையில் ஆசை இருந்தது, தொகை இல்லை. தொகை தெரியாத காரியத்துக்கு எந்த முதலாளியும் வெளியேதான் கை காட்டுவார்.

பயிற்சியாளர்களைக் காது கேளாதோர் சங்கத்துக்காரர்கள் மூலம்தான் பிடித்தேன். கோயமுத்தூரிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அக்கா, பார்வை குறைந்த ஒரு சார். அவருக்கு இந்தியும் வரும். எங்களிடம் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய, தமிழில் மட்டும் எடுத்தால் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நான்கு வகுப்பில் ஒன்று இந்தியில். அந்த அக்கா போனிலேயே கேட்ட முதல் கேள்வி: "வாசப்படி எத்தன இன்ச்சுங்க?" அளந்தேன், 7 இன்ச். ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம், அப்படியென்றால் 7 அடிக்குச் சாய்தளம் வேண்டும் என்றார். வெல்டிங் பட்டறையில் 4 அடி போதும் என்று சாதித்தார்கள். நான் விடவில்லை, செக்கர் பிளேட் (வழுக்காத இரும்புத் தகடு) போட்டு 7 அடிக்கே அடித்து வாங்கினேன். வகுப்பைக் கீழே பேக்கிங் செக்ஷனில் வைத்தோம். டிசம்பர் முதல் வாரம், அந்த வருஷ ஷிப்மென்ட் ஓய்ந்த நேரம்.

இரண்டாவது வகுப்பில், உங்களுக்கு வேலை இடத்தில் பயமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று அந்த அக்கா கேட்டார். முதலில் கை தூக்கியது செக்கிங் பெண், அன்றைக்குத் துப்பட்டா நூலை இழுத்துக்கொண்டிருந்தவள். அவள் கை பேசப் பேச மொழிபெயர்ப்பாளர் சொன்னார். போன வருஷம் ஒரு நாள் பாத்ரூம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஹாலில் ஒருத்தர்கூட இல்லை. எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது, மெஷினில் துணி பாதி தைத்தபடி இருந்தது. என்னமோ நடந்துவிட்டது, என்னை விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் டேபிள் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

அது தீயணைப்பு ஒத்திகை நாள். சைரன் அடித்தோம், எல்லோரும் கிரவுண்டுக்கு வந்தார்கள். மூன்று நிமிஷத்தில் அனைவரும் வெளியேறினர் என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். அந்த இடத்தில் எழுந்து நின்று, அது என் தவறு என்று அவளிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை அவளுக்குச் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஹாலில் யாரும் பேசவில்லை. ரிஜெக்ட் பீஸ் எறிந்த சூப்பர்வைசர் கடைசி வரிசையில் இருந்தார். வகுப்பு முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம் போய், முன்னால் வந்து கை அசைப்பது, தோளை லேசாகத் தொடுவது, லைட்டை அணைத்துப் போடுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். இப்போது பாத்ரூம் உட்பட எல்லா இடத்திலும் சைரனோடு சேர்ந்து எரிகிற சிவப்பு விளக்கு போட்டிருக்கிறோம். மெயின்டனன்ஸ் கணக்கில்தான் போட்டோம், யாரிடமும் நிதி கேட்கவில்லை.

வந்த நான்கு பேருக்கும் அன்றைக்கே பணம் கொடுத்துவிட்டேன். இந்த வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கம்பெனி வழக்கப்படி 60 நாள், 90 நாள் என்று இழுத்தால் அடுத்த தடவை வர மாட்டார்கள். இதையும் முன்கூட்டியே அக்கவுன்ட்ஸில் பேசி வையுங்கள்.

அயர்னிங் பையனுக்கு வீடியோ கால் போட்டேன், எங்கள் செக்கிங் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். பெருமாநல்லூர் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறான். திரும்பி வரவில்லை. இங்கே நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டான், அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஒன்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை. முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டார். எங்கள் பாத்ரூம் கதவு 26 இன்ச். நாற்காலி உள்ளே போகாது. காரில் ஏற்றி, ஒரு ஆஸ்பத்திரியில் பெரிய கதவுள்ள பாத்ரூம் இருக்கிறதென்று ஞாபகம் வந்து அங்கே கூட்டிப்போனேன். போக வர நாற்பது நிமிஷம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். இந்த வருஷ பட்ஜெட்டில் மாற்றுத்திறனாளிகள் வசதி, பயிற்சி என்று 90,000 ரூபாய்க்கு ஒரு வரி போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். கொத்தனார் வந்து கதவை 36 இன்ச்சாக அகலப்படுத்த அளந்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி வேண்டும், அதற்கு ஒரு சுவரை இடிக்க வேண்டியிருக்கும் என்கிறார். அடுத்த வகுப்பு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.